குவார்ட்ஸ் சமையல் மேடை வெட்டும் தொழிலாளர்களின் நுரையீரலைக் காப்பது எப்படி?

கேள்வி: கல்பட்டறை_அம்பத்தூர்

வணக்கம். அம்பத்தூர் அருகே சிறிய கல் பட்டறை ஒன்றை 14 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சமையல் மேடைக்கான கிரானைட், குவார்ட்ஸ் பலகைகளை அளவெடுத்து வெட்டி, விளிம்பை உருட்டி, பாலிஷ் போட்டு, வீடுகளில் பொருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. அதற்கு முன்பு 9 ஆண்டுகள் நானே வேறொரு பட்டறையில் கிரைண்டர் பிடித்தவன். இப்போது என்னிடம் 11 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 5 பேர் ராஜஸ்தானிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மற்றவர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள்.

அவர்களில் 26 வயதுள்ள ஒரு தம்பி ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறார். விளிம்பு உருட்டுவதில் அவரைப் போன்ற கைப்பக்குவம் உள்ளவரை நான் பார்த்ததில்லை. கடந்த ஓராண்டாக அவருக்கு வறட்டு இருமல் இருக்கிறது. முன்பு பலகையைத் தோளில் வைத்து மூன்றாம் மாடி வரை ஏறியவர், இப்போது முதல் மாடியிலேயே நின்று மூச்சு வாங்குகிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதங்களாகத் தவறாமல் சாப்பிடுகிறார். சளியில் கிருமி தென்படவில்லை என்று அறிக்கை சொல்கிறது. உடல் எடையும் ஏறவில்லை, மூச்சிரைப்பும் குறையவில்லை.

சென்ற வாரம் ஒரு வாடிக்கையாளர், குவார்ட்ஸ் கல்லின் தூசி நுரையீரலைக் கல்லாக்கிவிடும் என்றும், அதிலிருந்து புற்றுநோயும் வரும் என்றும், ஆஸ்திரேலியாவில் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள் என்றும் கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் கூறியது உண்மையா? நான் எல்லோருக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அது போதுமா? சட்டப்படி நான் செய்ய வேண்டியவை எவை? அறிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மறுமொழி: நெஞ்சக_மருத்துவர்

ஐயா, ஒருவரை நேரில் பரிசோதிக்காமல் அவருடைய நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையன்று. ஆயினும் நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு எழுந்த ஐயத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆறு ஆண்டுகள் குவார்ட்ஸ் வெட்டிய இளைஞர், வறட்டு இருமல், மூச்சிரைப்பு, கிருமி காணப்படாத காசநோய், மாத்திரைக்குக் குணமாகாமை ஆகிய அனைத்தும் ஒன்றுசேர்ந்தால் சிலிகோசிஸ், அதாவது கல்லில் உள்ள சிலிகா என்னும் பொருளின் தூசி நுரையீரலில் படிந்து அதைத் தழும்பாக்கும் நோய், இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரு நோய்களும் நுரையீரலின் மேற்பகுதியையே பெரும்பாலும் பற்றுவதால், எக்ஸ்ரே படத்தில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று நோயாளியிடம் கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு எங்கள் வெளிநோயாளர் பிரிவுகளில் இன்றும் நேரம் கிடைப்பதில்லை என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அவரைக் காசநோய் மாத்திரையைத் தானாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். சிலிகா தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும். ஆகவே இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும். அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எத்தனை ஆண்டுகள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கல்லை, தண்ணீர் விட்டா விடாமலா வெட்டினார் என்பதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் எந்தச் சோதனைக்கும் குறையாத உதவியைச் செய்யும். சளியில் மரபணுவழிக் காசநோய்ச் சோதனை, மூச்சளவுச் சோதனை, நுண் சி.டி. ஸ்கேன் ஆகியவற்றைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பநிலைச் சிலிகோசிஸைச் சாதாரண எக்ஸ்ரே தவறவிடுவது உண்டு. முடிவு வரும் வரை அவரைத் தூசி பக்கமே விடாதீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். வாடிக்கையாளர் கூறியது உண்மைதான். காற்றில் கலந்து மூச்சுடன் உள்ளே செல்லும் படிகச் சிலிகாவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997ஆம் ஆண்டில் முதல் பிரிவில் சேர்த்தது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), பென்சீன், புகையிலைப் புகை ஆகியவை இருக்கும் பிரிவு அது. பின்னர் 2012ஆம் ஆண்டில் வெளிவந்த மறுமதிப்பீடும் அதை உறுதி செய்தது. சிலிகாவால் வருவது நுரையீரல் புற்றுநோய். சிலிகோசிஸ் வந்தவருக்கு அந்த ஆபத்து மிகுதி. புகைபிடிப்பவராகவும் இருந்தால் அது மேலும் கூடுகிறது. எனவே உங்கள் பட்டறையில் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அதை விடுவதற்கு உதவி செய்வதும் பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதிதான்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், முகக்கவசம் மட்டும் ஏன் போதாது என்பது தானாக விளங்கும். கண்ணுக்குத் தெரியும் பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியாக வெளியேறிவிடும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், ஆபத்தான துகள்கள் 4 மைக்ரானுக்கும் சிறியவை. கண்ணுக்குப் புலப்படாத அவை மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை சென்றுவிடும். அங்கே காவல் செய்யும் வெள்ளணுக்கள் துகளை விழுங்குகின்றன. ஆனால் கல்லைச் செரிக்க முடியாமல் அவையே மடிந்துவிடுகின்றன. வெளியே வந்த துகளை மற்றோர் அணு விழுங்கி அதுவும் மடிகிறது. ஓயாத இந்த அழற்சியால் மெல்லிய நுரையீரல் திசு தழும்பாக இறுகுகிறது. அதே அழற்சி பல ஆண்டுகளில் உயிரணுவின் மரபுப்பொருளையும் சேதப்படுத்துகிறது. அப்போதுதான் உடைந்த துகள் பழைய துகளை விடக் கொடியது என்பதால், கடற்கரை மணலில் நடப்பவருக்கு வராத கேடு கிரைண்டர் பிடிப்பவருக்கு வருகிறது.

இயற்கைக் கிரானைட்டில் குவார்ட்ஸ் பொதுவாக 25 முதல் 40 விழுக்காடு இருக்கும். கடையில் குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் செயற்கைப் பலகையோ, பொடித்த குவார்ட்ஸைப் பிசினால் ஒட்டிச் செய்தது. அதில் சிலிகா 90 விழுக்காட்டையும் தாண்டும். பழைய கல்தச்சர்களுக்குச் சிலிகோசிஸ் வர 10, 20 ஆண்டுகள் பிடித்தன. செயற்கைக் கல்லைத் தண்ணீர் விடாமல் உலர்வெட்டாக வெட்டியவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. நுரையீரல் மாற்று சிகிச்சைக்காக அனுப்பப்பட்ட இத்தகைய 25 தொழிலாளர்களைப் பற்றி இஸ்ரேல் மருத்துவர்கள் 2012ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகைகளைச் செய்வதையும் வழங்குவதையும் வெட்டிப் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது.

சிலிகோசிஸைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் சிலருக்கு நோய் வளர்கிறது. ஆகையால் அந்தத் தம்பியோடு மற்றப் பத்துப் பேரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். மொத்தம் 23 ஆண்டுகள் கல்தூசியில் இருந்த உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.

---

மறுமொழி: கல்மேஸ்திரி_கோவை

அண்ணாச்சி, மருத்துவர் சொன்னதற்குப் பிறகு நான் தொழிலின் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன். என்னுடன் வேலை பழகிய இருவர் ஐம்பது வயதைக் காணாமல் மூச்சுத் திணறிப் போனார்கள். அன்று எங்களுக்கு அது ஆஸ்துமா என்று மட்டுமே தெரியும். அதன் பிறகுதான் நான் பட்டறையை மாற்றினேன். முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

முகக்கவசத்தைக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்துவிட்டது என்று முதலாளிகள் எல்லோருமே எண்ணுகிறோம். தூசி கிளம்பிய பிறகு அதைத் தடுக்க முயல்வதுதான் முகக்கவசம். தூசியே கிளம்பாமல் செய்வது தண்ணீர். பாதுகாப்பைத் தண்ணீரில் தொடங்கி, உறிஞ்சும் கருவியைச் சேர்த்து, கடைசியாகத்தான் முகக்கவசத்துக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் செலவழித்த பணமும் வீண், ஆளும் வீண்.

பையன்கள் ஏன் தண்ணீர் விடாமல் வெட்டுகிறார்கள் என்று நான் உட்கார்ந்து கேட்டேன். மின்சாரம் தாக்கும் என்ற பயம் முதல் காரணம். அது நியாயமான பயம். தண்ணீர் பட்டால் பென்சில் கோடு அழிந்து அளவு தவறிவிடுகிறது என்பது இரண்டாவது. மேலெல்லாம் சேறு தெறிக்கிறது, குளிர்காலத்தில் கை விறைக்கிறது என்றும் சொன்னார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. வெட்டும் மேசைகள் எல்லாவற்றையும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. வழியாக இணைத்து, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். கையில் பிடித்துப் பாலிஷ் போடுவதற்கு, கம்பிரசர் காற்றில் ஓடி நடுவில் தண்ணீர் வரும் பாலிஷர் கிடைக்கிறது. அதில் கையருகே மின்சாரமே இல்லை. கோட்டைப் பெயிண்ட் மார்க்கரால் போட்டால் அழியாது. ரப்பர் ஏப்ரனும் பூட்ஸும் முதலாளிதான் வாங்கித் தர வேண்டும். தண்ணீர் ஓடினால் வைர பிளேடு சூடேறாமல் கூடுதல் நாள் உழைக்கும் என்பதால், அந்தச் செலவில் ஒரு பங்கு உங்களுக்கே திரும்பி வந்துவிடும்.

பிளேடில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் தண்ணீரே அன்று. கல்லும் பிளேடும் சேரும் இடத்தில் இரு பக்கமும் விடாமல் பாய வேண்டும். அதே தண்ணீரைத் தொட்டியிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்து விடுபவர்கள், சேறு நன்றாகப் படிய இரண்டு மூன்று தடுப்புகள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் போன்ற அந்தத் தண்ணீர் பிளேடில் பட்டுப் புகைமூட்டமாகச் சிதறும்போது, அதில் உள்ள தூசியையே மூச்சில் இழுப்போம். குவார்ட்ஸ் பலகைக்கு நல்ல தண்ணீர் விட்டாலும் அது மட்டும் போதாது. தூசியையும் சாரலையும் இழுத்து வெளியேற்றும் உறிஞ்சு விசிறியை வேலை செய்பவரின் முகத்துக்கு எதிர்ப்புறத்தில் வையுங்கள். பெடஸ்டல் ஃபேன் வைத்துத் தூசியை விரட்டுகிற பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஒருவர் கிளப்பும் தூசியை அது பத்துப் பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

அடுத்தது வாடிக்கையாளர் வீடு. மிக மோசமான தூசி நம் பட்டறையில் கிளம்புவதில்லை, சன்னல் மூடிய சமையலறைக்குள் சிங்க் துளையை உலர்வெட்டாக வெட்டும்போது கிளம்புகிறது. அந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது என்று நான் விதி வைத்திருக்கிறேன். முதல் நாள் ஒட்டுப்பலகையில் அச்சு எடுத்து, சிங்க், அடுப்பு, குழாய் ஆகிய எல்லாத் துளைகளையும் பட்டறையிலேயே தண்ணீரில் வெட்டி முடித்துக் கொண்டுபோகிறோம். பொருத்தும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டி வந்தால், பலகையை வெளியே எடுத்து வந்து, மூடியும், நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவமும் பொருத்திய கிரைண்டரால் தேய்க்கிறோம். அச்சு எடுக்க அரை நாள் கூடுதலாகும். அந்த அரை நாளுக்கான கூலியை விலைப்பட்டியலில் வெளிப்படையாகவே எழுதுகிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

துடைப்பத்தால் பெருக்குவதும், வேலை முடிந்ததும் கம்பிரசர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வதும் வெட்டுவதற்குச் சமமான கேடு. ஈரத் துடைப்பானும் வேக்குவமும் மட்டுமே இருக்க வேண்டும். வேலை உடையைப் பட்டறையிலேயே கழற்றி, பட்டறையிலேயே துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். அதே சட்டையுடன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறவரை நான் பார்த்திருக்கிறேன். தேநீர் குடிக்கும் இடம் வெட்டும் கூடத்துக்கு வெளியே, கை முகம் கழுவிவிட்டுப் போகும்படி இருக்கட்டும்.

முகக்கவசம் கடைசியில் வந்தாலும் அதைச் சரியாகக் கொடுக்க வேண்டும். துண்டும் துணிக்கவசமும் அறுவைக் கவசமும் இந்தத் தூசிக்குப் பயன்படா. குறைந்தது என்-95 வகை வேண்டும், ஐ.எஸ். 9473 தரமுத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். குவார்ட்ஸ் வேலைக்கு, வடிகட்டியை மாற்றிக்கொள்ளும் ரப்பர் அரைமுகக் கவசத்தில் பி-100 வடிகட்டி போடுவது நல்லது. தாடி இருந்தால் எந்தக் கவசமும் முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று புகுந்துவிடும். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரமும் கவசம் போட்டிருக்கச் சொல்வது இரக்கமற்ற செயல் என்பதால், வெட்டும் வேலையை நாளுக்கு இரண்டு பகுதிகளாகப் பிரித்து, இடையில் அளவெடுப்பது, ஒட்டுவது, ஏற்றி இறக்குவது போன்ற வேலைகளுக்கு மாற்றிவிடுகிறேன். வெளிமாநிலப் பையன்களுக்கு இந்தியில், நம் பிள்ளைகளில் ஒருவரைக் கொண்டு, செய்துகாட்டிச் சொல்ல வைத்தேன். சுவரில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிக்கவில்லை.

---

மறுமொழி: தொழிற்சட்டம்_மதுரை

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987இல் திருத்தப்பட்டது. ஆபத்தான செய்முறை நடக்கும் இடத்தில் என்ன கேடு இருக்கிறது என்பதைத் தொழிலாளிக்கு வெளிப்படையாகத் தெரிவிப்பதும், வேலையில் சேர்க்கும் முன்பும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவச் சோதனை செய்வதும், அந்தப் பதிவுகளைப் பாதுகாத்துத் தொழிலாளி கேட்டால் காட்டுவதும் அப்போது முதலாளியின் கடமைகளாயின. சிலிகோசிஸும் தொழில்வழிப் புற்றுநோயும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளன. பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அறிவிக்க வேண்டிய நோய்கள் அதன் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன.

மின்சாரத்தைப் பயன்படுத்தும் இடத்தில் முன்பு 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20. உங்களைப் போன்ற பட்டறைகள் தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்து இதனால் வெளியேறுகின்றன. தூசி மிகுந்த இடங்களே சிறு பட்டறைகள்தான் என்பதால் இந்த மாற்றம் எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது. ஆயினும் 10 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குத் தொகுப்பின் பொதுக் கடமைகள் பொருந்தும். ஆகவே 11 பேர் உள்ள நீங்கள் அவற்றுக்கு உட்பட்டவரே.

காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்பதற்கு நம் சட்டத்தில் ஒரு வாய்பாடு இருந்துவருகிறது. மூச்சில் புகும் தூசியில் உள்ள குவார்ட்ஸ் விழுக்காட்டுடன் 2ஐக் கூட்டி, 10ஐ அதனால் வகுத்தால், ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கத்தக்க தூசியின் உச்ச அளவு மில்லிகிராமில் கிடைக்கும். 90 விழுக்காடு குவார்ட்ஸ் என்று கொண்டால் அது ஏறத்தாழ 0.11 மில்லிகிராம், அதில் குவார்ட்ஸ் மட்டும் 0.1 அளவுக்கு வரும். அமெரிக்கா 2016ஆம் ஆண்டில் விதித்த வரம்பு 0.05 மில்லிகிராம், அதாவது நம் வரம்பில் பாதி. புற்றுநோய் உண்டாக்கும் பொருளில் சட்ட வரம்புக்குள் நின்றாலும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. முடிந்த அளவு கீழே கொண்டுவருவதையே இலக்காகக் கொள்ளுங்கள். தொழிலாளியின் காலரில் சிறு கருவியைப் பொருத்தி ஒரு வேலைநாள் முழுவதும் காற்றை அளப்பதுதான் சரியான முறை. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் இதைப் பற்றி விசாரித்து வழிகாட்டுதல் பெறலாம்.

ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பதிவு உங்களுக்குக் கட்டாயம். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ள ஒவ்வொருவரையும், நாள்கூலியாக இருந்தாலும், சேர்த்திருக்க வேண்டும். சிலிகோசிஸும், சிலிகோசிஸுடன் சேர்ந்த காசநோயும் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்கள். தொழில்நோயால் தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்கு ஈ.எஸ்.ஐ. வழியாகச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். தம்பிக்குக் காசநோய் மட்டுமே என்று பதிவாகிவிட்டால் இந்த உரிமை கைநழுவிவிடும் என்பதால், மருத்துவர் குறிப்பிட்ட அந்தப் பணிவரலாற்றுத் தாளை இன்றே எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தாள் எத்தனை முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பகுதிகளின் பழங்குடி மக்கள் குஜராத்தின் கோத்ரா பகுதியில் குவார்ட்ஸ் பொடிக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போய், சிலிகோசிஸுடன் ஊர் திரும்பி இறந்தார்கள். அங்கே வேலை செய்ததற்கான ஏடு எதுவும் பெரும்பாலோரிடம் இல்லை. 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து உத்தரவிட 2016 ஆகிவிட்டது. கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே, தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றும், மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. புற்றுநோய் அத்தனை காலம் கழித்தும் தலைகாட்டும் என்பதே அதற்குக் காரணம். உங்கள் பட்டறை கல்நார்த் தொழில் அன்று என்றாலும், அதே கால அளவை நீங்களாகவே பின்பற்றுங்கள்.

---

மறுமொழி: கல்பட்டறை_அம்பத்தூர்

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தம்பியை அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பணிவரலாற்றுத் தாளைப் பார்த்த பெண் மருத்துவர் அதை இருமுறை படித்துவிட்டு, அன்றே ஸ்கேனுக்கு எழுதினார். சிலிகோசிஸ் என்று உறுதியாகிவிட்டது. காசநோய் இல்லை என்று கூறி, அந்த மாத்திரையை அவர்களே நிறுத்தினார்கள். அவருடைய தாயாரிடம் இதைச் சொல்ல நான்தான் ஊருக்குப் போனேன். என் பிள்ளை இனி வேலை செய்யலாமா என்று மட்டும் அந்த அம்மா கேட்டார்கள். இப்போது தம்பி அளவெடுப்பு, விலைப்பட்டியல், வாடிக்கையாளரிடம் பேசுவது ஆகிய வேலைகளைச் செய்கிறார். ஊதியத்தை ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. ஈ.எஸ்.ஐ. விண்ணப்பமும் கொடுத்திருக்கிறோம்.

மற்றவர்களில் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவருக்கும் ஆரம்பநிலை மாற்றம் தெரிகிறது. என் ஸ்கேனில் இரண்டு சிறு முடிச்சுகள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

வெட்டும் மேசைகள் மூன்றுக்கும் தண்ணீரும் ஈ.எல்.சி.பி.யும் போட்டுவிட்டேன். காற்றுப் பாலிஷர் இரண்டு வந்துவிட்டன. வீட்டில் துளை வெட்டுவதை நிறுத்திவிட்டோம். இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தொட்டியில் சேரும் வெள்ளைச் சேற்றை என்ன செய்வது? குவார்ட்ஸ் ஆர்டரையே எடுக்காமல் இருப்பது நல்லதா?

---

மறுமொழி: கல்மேஸ்திரி_கோவை

அண்ணாச்சி, அந்தத் தம்பியை நினைத்து மனம் கனக்கிறது. ஊதியத்தைக் குறைக்காமல் வைத்திருக்கிறீர்களே, அது பெரிய காரியம்.

சேறு காயக் கூடாது. காய்ந்தால் அது திரும்பவும் அதே தூசி. வாரம் இருமுறை வடிகட்டித் துணியில் அள்ளி, ஈரமாக இருக்கும்போதே தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, ஓரமாக நிழலில் வைத்து, கட்டடக் கழிவு எடுப்பவரிடம் பையோடு கொடுங்கள். காலி மனையில் கொட்டினால் காற்றடிக்கும் போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைச் சுவாசிப்பார்கள். தொட்டியைக் கழுவுகிறவருக்கும் கவசம் வேண்டும்.

குவார்ட்ஸ் ஆர்டரைப் பொறுத்தவரை, நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எடுப்பதை நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளர் கேட்டால் காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். பத்துப் பேரில் ஆறேழு பேர் கருப்புக் கிரானைட்டுக்கு மாறிக்கொள்கிறார்கள். நாம் கருப்புக் கிரானைட் என்று அழைக்கும் கற்களில் பலவற்றில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. அதை வெட்டும்போதும் தண்ணீரை நிறுத்துவதில்லை. மற்ற மூன்று நான்கு பேர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அதே பலகையைத் தண்ணீர் இல்லாமல் யாரோ ஒரு பையன் வெட்டுவான் என்பது தெரிந்ததால், நம் பகுதிக் கல் வியாபாரிகள் சங்கத்தில் இதைப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு கூட்டம் கூடினால் சொல்லுங்கள். தண்ணீர் மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, நானே வெட்டிக் காட்டுகிறேன்.